ரிவெட் எண்ணுபவர்களும் எண்ணப்படாத கதவும்

1

‘பொம்மை ரயிலுக்கெல்லாம் ஒரு விமர்சனக் கட்டுரையா?’ என்று சிரிக்கத் தோன்றினால் சிரித்துவிடுவது நல்லது. சிரித்து முடித்தபின் ஒரு கேள்வியைப் பார்ப்போம். யதார்த்தவாதம் செத்துப்போய்விட்டது என்று இலக்கியத்தில் நாம் பலமுறை கருமாதி நடத்தியாகிவிட்டது. உலகத்தை அளவு பிசகாமல், ஒரு ஆணிகூடக் குறையாமல் திரும்பச் செய்து காட்டிவிடலாம் என்கிற அந்தப் பழைய நம்பிக்கை எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை. அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனி போன்ற நாடுகளில் நடுத்தரவர்க்க வீடுகளின் நிலவறைகளில், கார் ஷெட்டுகளில், பரண்களில், ப்ளைவுட் பலகையின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதன் பெயர் மாடல் ரயில்.

திருவிழாக் கடையில் வாங்கிச் சாவி கொடுத்துச் சுற்றவிடுகிற தகர ரயில் இல்லை இது. ஒரு ஆள் இருபது முப்பது வருஷம் தன் மாலைப்பொழுதுகளையெல்லாம் கொட்டி, ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் குறிப்பிட்ட கிளைப்பாதையை, குறிப்பிட்ட ஒரு வருஷத்தில் அது இருந்தபடியே செய்து முடிக்கிறார். மலை, ஆறு, பாலம், மர ஆலை, நிலக்கரிக் கொட்டாரம், ஸ்டேஷன், அதன் கூரை ஓடு, கூரைமேல் காக்கை எச்சம் வரைக்கும். இந்த மொத்த அமைப்புக்கு ‘லேஅவுட்’ என்று பெயர். பழைய போட்டோக்கள், என்ஜின் வரைபடங்கள், கால அட்டவணைகள் ஆகியவற்றைத் தேடிச் சேகரிக்கிற விஷயத்தில் இவர்கள் எந்த ஆய்வாளருக்கும் சளைத்தவர்கள் இல்லை. இவர்களிலேயே ரொம்பத் தீவிரமானவர்களுக்குக் கேலியாக ஒரு பெயர் உண்டு: ‘ரிவெட் எண்ணுகிறவர்கள்’. நிஜ என்ஜினின் தண்ணீர்த் தொட்டியில் எத்தனை ரிவெட் இருந்ததோ அத்தனை ரிவெட் மாடலிலும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கிறவர்கள்.

எண்ணுவதில் குற்றமில்லை. எதை எண்ணுவது, எதை எண்ணாமல் விடுவது என்பது எங்கே, எப்படித் தீர்மானமாகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. கலையைப் பற்றிய கேள்விதான் இது. அரசியல் தனியாக வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்ளவில்லை.

2

முதலில் இவர்களுடைய பாஷையைக் கவனிக்க வேண்டும். நிஜ ரயிலை இவர்கள் ‘ப்ரோட்டோடைப்’ என்கிறார்கள். அதாவது முன்மாதிரி. தண்டவாளத்தில் ஓடி, ஆட்களை ஏற்றி இறக்கி, சில சமயம் ஆட்களை நசுக்கவும் செய்த அந்தப் பெரிய ரயில், வீட்டு நிலவறையில் ஓடப்போகிற சின்ன ரயிலுக்கு ஒரு முதல் வரைவு மாதிரி ஆகிவிடுகிறது. நிஜம் என்பது பிரதிக்கு முந்தைய பிரதி. பிரெஞ்சுக்காரர்கள் தலைகீழாக நின்று விளக்கிய ஒரு விஷயத்தை மாடல் ரயில்காரர்கள் எந்தத் தத்துவமும் படிக்காமல் ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டார்கள்.

அடுத்தது அளவு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதிகம் புழங்குவது ‘ஹெச்ஓ’ அளவு. நிஜத்தின் ஒரு அடி இங்கே 3.5 மில்லிமீட்டர். விகிதம் 1:87. ஆறடி மனிதன் 21 மில்லிமீட்டர் உயரம் நிற்பான். 1435 மில்லிமீட்டர் அகலமுள்ள நிஜத் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டருக்குச் சுருங்கும். கணக்கு சுத்தமாக இருக்கிறது.

இங்கிலாந்துக்குப் போனால் கதை மாறுகிறது. அங்கே என்ஜின்கள் உருவத்தில் சின்னவை. 3.5 மில்லிமீட்டர் கணக்கில் செய்தால் அன்றைய மின்மோட்டார் உள்ளே நுழையவில்லை. என்ன செய்தார்கள்? என்ஜினையும் பெட்டியையும் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்று பெரிதாக்கிவிட்டு, தண்டவாளத்தை மட்டும் பழைய 16.5லேயே விட்டுவிட்டார்கள். இதுதான் ‘ஓஓ’ அளவு. இந்தக் கணக்குப்படி பிரிட்டிஷ் ரயிலின் தண்டவாள அகலம் 4 அடி ஒன்றரை அங்குலம்தான். நிஜத்தைவிட 7 அங்குலம் குறைச்சல். மேலே ஆணி எண்ணி, கம்பி எண்ணி, கம்பெனிப் பெயிண்டின் பச்சையில் எந்தப் பச்சை என்று சண்டை போடுகிற அந்த முழு யதார்த்தமும் இந்த 7 அங்குலப் பொய்யின் மேல்தான் ஓடுகிறது. இதைப் பொறுக்க முடியாத ஒரு சிறுபான்மை 18.83 மில்லிமீட்டர் என்று சரியான கணக்குப் போட்டு, சக்கரம், தண்டவாளம் எல்லாவற்றையும் தானே செய்துகொண்டு தனியாகப் பிரிந்துபோனது. பெரும்பான்மையினர் பொய்யிலேயே நிம்மதியாக இருக்கிறார்கள். பழகிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது என்கிறார்கள். கருத்தியலுக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் தேவையா என்ன?

தூரமும் இப்படித்தான். ஹெச்ஓ அளவில் ஒரு மைல் என்பது 60 அடி. எந்த வீட்டில் அவ்வளவு இடம் இருக்கிறது? எனவே இரண்டு ஊருக்கு நடுவே இருபது மைல் என்பது இருபது அடியாகும். பத்துச் சூளை இருந்த இடத்தில் மூன்று நிற்கும். இதற்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் ‘தேர்ந்து சுருக்குதல்’. தூரம் சுருங்கிவிட்டதால் நேரத்தையும் சுருக்கியாக வேண்டும். எனவே சுவரில் ஒரு வேகக் கடிகாரம். நம் ஒரு மணி நேரத்தில் அது நாலு மணி, ஆறு மணி, சில வீடுகளில் பன்னிரண்டு மணி நேரம் ஓடிவிடும்.

‘தேர்ந்து சுருக்குதல்’ என்கிற இந்தச் சொல்லை நான் மரியாதையோடுதான் படிக்கிறேன். நம் யதார்த்தவாத நாவலாசிரியர்கள் பலர் ஒத்துக்கொள்ளாத ஒன்றை இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் வெளிப்படையாக ஒத்துக்கொள்கிறார்கள். அப்படியே காட்டுகிறோம் என்று சொல்லவில்லை, தேர்ந்தெடுக்கிறோம் என்கிறார்கள். லெவிஸ்ட்ராஸ் 1962ல் எழுதிய ‘காட்டுச் சிந்தனை’யில் சிற்றுருவம் பற்றிச் சில பக்கங்கள் வருகின்றன. பெரிய பொருளை நாம் பகுதி பகுதியாகத்தான் அறிகிறோம். சின்னதாக்கினால் முழுமை முதலில் கைக்குள் வந்துவிடுகிறது, பகுதிகள் பிறகுதான் தெரிகின்றன என்பது அவர் வாதம். மாடல் ரயில் தருகிற இன்பம் இதுதான். கண்டம் முழுக்கப் பரவி, யாருடைய கைக்கும் அடங்காமல் கிடந்த ஒரு முதலாளித்துவ எந்திரம், ஒரு குமாஸ்தாவின் இடுப்பு உயரத்தில் முழுசாக வந்து நிற்கிறது. இந்த இன்பத்தை நான் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் முழுமை கைக்குள் வந்துவிட்டது என்ற நம்பிக்கைதான், விட்டுப்போன பகுதியைத் தேட விடாமல் தடுக்கிறது.

3

அமெரிக்காவில் இந்தப் பொழுதுபோக்கு அமைப்பாகத் திரண்டது பொருளாதாரப் பெருமந்த காலத்தில். ‘மாடல் ரெயில்ரோடர்’ பத்திரிகையை ஆல் கால்ம்பாக் மில்வாக்கியில் 1934 ஜனவரியில் தொடங்கினார். தேசிய அளவிலான சங்கம் அதே ஊரில் 1935ல் உருவானது. ஒருவர் செய்த பெட்டி இன்னொருவர் தண்டவாளத்தில் ஓடவேண்டும் என்பதற்காகச் சக்கரம், பாதை எல்லாவற்றுக்கும் பொது அளவு வகுத்ததுதான் சங்கத்தின் முதல் வேலை. நிஜ ரயில் கம்பெனிகள் பல திவால் நீதிமன்றத்தில் நின்றுகொண்டிருந்த வருஷங்கள் அவை.

இந்தக் கலையின் பெரிய பெயர் ஜான் ஆலன். கலிபோர்னியாவின் மான்டரேயில் தன் வீட்டு நிலவறையில் அவர் கட்டிய ரயில்பாதையின் பெயரை வாய்விட்டுப் படித்தால், ஆங்கிலத்தில் ‘ரத்தக்களறியாகித் தோற்றுப்போனது’ என்று கேட்கும்: ‘கோர் அண்ட் டஃபீட்டட்’. தரையிலிருந்து கூரைவரை மலை எழுப்பினார். கண்ணாடிகளை மறைத்துவைத்து இடத்தைப் பெருக்கினார். என்ஜின்களுக்கு நடுவே எம்மா என்ற ஒரு டைனோசரை ஷண்டிங் வேலைக்கு வைத்திருந்தார். யதார்த்தத்தின் உச்சத்தில் நின்றவர் யதார்த்தத்தைப் பார்த்து அடித்த கண் அது. 1973 ஜனவரியில் அவர் இறந்தார். பத்து நாளில் அந்த வீட்டில் தீப்பிடித்து லேஅவுட் அழிந்தது. இன்று மிஞ்சியிருப்பவை அவர் எடுத்த போட்டோக்கள்தான். அவர் தொழிலே போட்டோ பிடிப்பதுதான்.

ஆலன் பரப்பிய ஒரு உத்தி ‘வெதரிங்’. புது மாடலைப் பழசாக்குவது. துரு, புகைக்கரி, எண்ணெய்க் கசிவு, மழைக்கோடு, உரிந்த பெயிண்ட் எல்லாம் தூரிகையால் வருகின்றன. அதுவரை பளபளவென்று பொம்மையாக இருந்த என்ஜின் அதற்குப் பிறகு ‘உழைத்த’ என்ஜினாகத் தெரிந்தது. மாசசூசெட்ஸில் ஜார்ஜ் செலியோஸ் கட்டிய ‘ஃப்ராங்க்ளின் அண்ட் சவுத் மான்செஸ்டர்’ இந்த அழகியலின் உச்சம். பெருமந்த கால நகரம் ஒன்று அப்படியே நிற்கிறது. சுவரில் வெளிறிப்போன விளம்பரம், சாய்ந்த படிக்கட்டு, ஓட்டைக் கூரை. பார்த்தால் மூச்சு நின்றுவிடும். நின்ற மூச்சு திரும்பியதும் கேட்க வேண்டியது: துரு தெரிகிறது; துருப்பிடித்தது யாருடைய வாழ்க்கை? இந்த மரப் படிக்கட்டில் ஏறியவருக்கு அன்றைக்கு வேலை இருந்ததா? உழைப்பின் தடயம் பொருள்மேல் நுணுக்கமாகப் படிந்திருக்கிறது. உழைத்தவர் அந்த அழுக்குக்கு ஒரு சாக்காக மட்டுமே இருக்கிறார்.

பெரும்பாலான அமெரிக்க மாடல்காரர்களுக்குப் பிடித்த காலம் ஒன்று உண்டு. ‘மாறுகாலம்’ என்பார்கள். 1940களின் கடைசியும் 1950களும். நீராவி என்ஜின் போய்க்கொண்டிருக்கிறது, டீசல் வந்துகொண்டிருக்கிறது; இரண்டையும் ஒரே பாதையில் ஓடவிடலாம். கண்ணுக்கு விருந்துதான். தொழிலாளி பக்கமிருந்து பார்த்தால் இந்த ‘மாறுகாலம்’ வேறு ஒன்று. 1945ல் சுமார் பதினாலு லட்சமாக இருந்த பெரிய ரயில் கம்பெனிகளின் ஊழியர் எண்ணிக்கை 1960ல் எட்டு லட்சத்துக்குள் வந்துவிட்டது. டீசலுக்குக் கரி அள்ளிப் போட ஆள் வேண்டாம், எனவே ஃபயர்மேன் வேண்டாம் என்றது நிர்வாகம். இந்தத் தகராறு முற்றி, 1963 ஆகஸ்ட் 28ந் தேதி அமெரிக்கப் பாராளுமன்றம் கட்டாய நடுவர் தீர்ப்புச் சட்டத்தைக் கொண்டுவந்து வேலைநிறுத்தத்தைத் தடுத்தது. அதே வருஷம் வந்த தீர்ப்பு, சரக்கு ரயிலிலும் யார்டிலும் ஓடும் டீசல்களில் ஃபயர்மேன் வேலைகளில் 90 சதவீதம் வரை ஒழித்துவிடலாம் என்றது. லேஅவுட்டில் நீராவியும் டீசலும் பக்கத்துப் பக்கத்துப் பாதையில் சமாதானமாக நிற்கின்றன. அந்தச் சமாதானம் வரலாற்றில் இருந்ததில்லை.

4

லேஅவுட் கட்டி முடித்தபின் என்ன செய்வார்கள்? வெறுமனே சுற்றவிட்டால் சலித்துவிடும். எனவே ‘ஆபரேஷன்’. பத்துப் பதினைந்து பேர் ஒரு வீட்டில் கூடுகிறார்கள். ஒருவர் டிஸ்பாச்சர் (நம் ரயில்வே பேச்சில் கண்ட்ரோலர்), ஒருவர் யார்ட் மாஸ்டர், மற்றவர்கள் டிரைவர்கள். ஒவ்வொரு கூட்ஸ் வண்டிக்கும் ஒரு அட்டை, அதில் சரக்குச் சீட்டு. எந்தப் பெட்டி எந்தத் தொழிற்சாலை வாசலில் விடப்பட வேண்டும், எது காலியாகத் திரும்ப வேண்டும் என்று எல்லாம் எழுதியிருக்கும். எதிரே வரும் வண்டிக்குப் பாதை விட்டுக் காத்திருக்க வேண்டும். வேகக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

பகலெல்லாம் இன்னொருத்தன் கடிகாரத்துக்கு வேலை செய்துவிட்டு வந்த ஆட்கள், ராத்திரி தாங்களே ஒரு கடிகாரத்தை மாட்டி, அதைவிட வேகமாக ஓடவிட்டு, அதற்குக் கட்டுப்பட்டு வேலை செய்கிறார்கள். சம்பளம் கிடையாது, சந்தோஷமாகச் செய்கிறார்கள்! ஜான் ஆலன் உருவாக்கிய ஒரு ஷண்டிங் புதிர் உண்டு. சின்னப் பலகை, ஐந்து பாயிண்ட்ஸ், சில பெட்டிகள். குறைந்த நேரத்தில், குறைந்த அசைவில் சரியான இடத்தில் சேர்க்க வேண்டும். அதன் பெயரே ‘டைம்சேவர்’. டெய்லர் ஸ்டாப்வாட்சோடு தொழிலாளி பின்னால் நின்று அளந்தது இங்கே விளையாட்டு.

இதை ‘பொய்யான பிரக்ஞை’ என்று ஒரு முத்திரை குத்திவிட்டுப் போவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த விளையாட்டுக்குள் ஒரு உண்மையான ஆசை இருக்கிறது. ஆபீஸ் மேசையில் தள்ளுகிற காகிதம் எங்கே போகிறது, யாருக்கு என்ன ஆகிறது என்று அவனுக்குத் தெரியாது. இங்கே தெரிகிறது. மரம் ஆலைக்குப் போகிறது, பலகை ஊருக்குப் போகிறது, காலிப் பெட்டி காட்டுக்குத் திரும்புகிறது. முதலாளி இல்லாத, அர்த்தம் புரிகிற, கூட்டாகச் செய்கிற வேலை. அந்நியமாகாத உழைப்பு என்று மார்க்ஸ் பேசியதன் ஒரு நிழல் அந்த நிலவறையில் விழுகிறது. அதைப் பொழுதுபோக்காக மட்டும்தான் அனுபவிக்க முடிகிறது என்பது அவர்கள் குற்றமில்லை.

ஆனால் பலகையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். ஓடுவது எது? என்ஜின் ஓடுகிறது, பெட்டி ஓடுகிறது, சிக்னல் மாறுகிறது, கடிகாரம் பறக்கிறது. அசையாமல் நிற்பது எது? மனிதர்கள். மண்வெட்டியைத் தூக்கிய கேங்மேன் முப்பது வருஷமாகத் தூக்கியபடியே நிற்கிறான். கொடி காட்டுகிறவன் கையை இறக்கவே இல்லை. காலடியில் ஒரு சொட்டுப் பசை. செத்த உழைப்பு உயிரோடிருக்கிற உழைப்பின்மேல் ஏறி ஓடுகிறது என்பதை ‘மூலதனம்’ பல பக்கங்களில் விளக்குகிறது. இங்கே அதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

தொழில்நுட்பத்தால் முடியவில்லை, 21 மில்லிமீட்டர் ஆளை எப்படி நடக்க வைப்பது என்று பதில் வரும். சரி, நியாயம். மனிதனை அசைக்க முடியாததற்கு அளவு ஒரு காரணமாக இருக்கலாம். எல்லா மௌனத்துக்கும் அளவையே காரணம் சொல்ல முடியுமா? அடுத்த பகுதி இதற்காகத்தான்.

5

1892 ஜூன் 7. நியூ ஆர்லியன்ஸில் ஹோமர் பிளெஸ்ஸி என்பவர் ஈஸ்ட் லூசியானா ரயிலில் வெள்ளையர் பெட்டியில் ஏறி உட்கார்ந்தார். கருப்பர் பெட்டிக்குப் போ என்றபோது மறுத்தார். கைது செய்யப்பட்டார். லூசியானாவின் 1890ஆம் வருஷத் தனிப்பெட்டிச் சட்டத்தை எதிர்ப்பதற்காக ஒரு குடிமக்கள் குழு திட்டமிட்டுச் செய்த போராட்டம் அது. வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. 1896 மே 18ந் தேதி ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு: தனித்தனியாக, ஆனால் சமமாக இருந்தால் தப்பில்லை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடிநீர்க்குழாய் எனத் தென் மாநிலங்களின் அரை நூற்றாண்டுத் தீண்டாமைக்குச் சட்ட அஸ்திவாரம் ஒரு ரயில் பெட்டியில் போடப்பட்டது. பிளெஸ்ஸிக்கு லூசியானா ஆளுநர் மன்னிப்பு வழங்கியது 2022ல். மன்னிக்கப்பட வேண்டியவர் யார் என்ற கேள்வியை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

அமெரிக்கத் தென் மாநிலத்துச் சின்ன ஸ்டேஷன் ஒன்றின் தரைப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் டிக்கெட் கொடுப்பவர் அறை. ஒரு பக்கம் ஒரு காத்திருப்பு அறை, மறுபக்கம் இன்னொன்று. இரண்டு வாசல். நடுவிலிருக்கிற ஒரே ஆள் இரண்டு பக்கமும் ஜன்னல் வழியாக டிக்கெட் நீட்டுவார். கட்டிடக் கலைஞனின் ரசனையில் வந்த சமச்சீர் இல்லை அது. ஒரு கதவுக்கு மேல் ‘வெள்ளையர்’, இன்னொன்றுக்கு மேல் ‘கருப்பர்’ என்று பலகை தொங்கியது. மாநிலங்களுக்கிடையே ஓடும் ரயில்களிலும் அவற்றின் காத்திருப்பு அறைகளிலும் இந்தப் பிரிவினை கூடாது என்று வணிக ஆணையம் 1955ல் உத்தரவிட்டது. அது அமலுக்கு வந்தது 1956 ஜனவரியில். அதாவது மாடல்காரர்களின் செல்லமான ‘மாறுகாலத்தின்’ பெரும்பகுதி முழுக்க அந்த இரண்டாம் கதவு சட்டபூர்வமாக நின்றுகொண்டிருந்தது.

மாடலில் கதவு இருக்கிறது. தரைப்படத்தில் இருப்பதால் அதைச் செய்தாக வேண்டும். கதவின் பலகைச் சட்டம், கைப்பிடி, வெயிலில் வெளுத்த பெயிண்ட் எல்லாம் சரியாக இருக்கின்றன. நான் பார்த்த லேஅவுட் படங்களில் அதன்மேல் பலகை இல்லை. எழுத்து சின்னது, படிக்க முடியாது என்று சொல்ல முடியாது. அதே சுவரில் சோடா விளம்பரம் படிக்கும்படியாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று இதைவிட ஆழமானது: பெட்டி வரிசை. பாசஞ்சர் ரயிலில் எந்தப் பெட்டிக்குப் பின் எந்தப் பெட்டி என்பதை மாடல்காரர்கள் ஆவணம் பார்த்து நிர்ணயிக்கிறார்கள். என்ஜினை ஒட்டி லக்கேஜ் வண்டி. பாதி லக்கேஜும் பாதி இருக்கையுமான பெட்டி. பிறகு சாதாரணப் பெட்டிகள். கடைசியில் புல்மன் தூங்கும் பெட்டிகள். தென் மாநிலங்களில் என்ஜினை ஒட்டிய, புகையும் தணலும் நேராக வந்து விழுகிற அந்தப் பாதிப் பெட்டிதான் பெரும்பாலும் கருப்பர்களுக்கு ஒதுக்கப்பட்டது. மாடல்காரர் வரிசையைப் பிசகாமல் வைக்கிறார். எனவே அவர் பலகையில் அந்த ஒதுக்குதல் மிகத் துல்லியமாகத் தினமும் ஓடுகிறது. வரிசை இருக்கிறது, வரிசைக்கான காரணம் காணாமல் போயிருக்கிறது. இதைவிடச் சுத்தமாக ஒரு அதிகாரம் தன்னை மறுஉற்பத்தி செய்துகொள்ள முடியாது.

புல்மன் பெட்டியின் கருப்புப் பணியாளர் பெயர் என்னவாக இருந்தாலும் பயணிகள் அவரை ‘ஜார்ஜ்’ என்றுதான் கூப்பிட்டார்கள். முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயர் அது. அடிமைக்கு எஜமான் பெயர் வைக்கிற பழைய வழக்கம். அவர்கள் 1925ல் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கட்டி, பன்னிரண்டு வருஷம் போராடி, 1937ல் ஒப்பந்தம் வாங்கினார்கள். வெள்ளைத் தொழிலாளர் சங்கங்கள் மட்டும் யோக்கியமா? ஃபயர்மேன்கள் சங்கம் கருப்பரை உறுப்பினராகவே சேர்க்கவில்லை. கருப்பு ஃபயர்மேன்களை வேலையிலிருந்து தள்ள அந்தச் சங்கமே கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. ஸ்டீல் என்ற ஃபயர்மேன் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1944ல் அதைக் கண்டித்தது. வர்க்கம் என்று ஒரே சொல்லில் பேசிக் கடந்துவிடுகிற தோழர்களும் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். முன்னால் நான் சொன்ன 1963 ஆகஸ்ட் 28ஐ நினைவில் வையுங்கள். ஃபயர்மேன் சட்டம் வந்த அன்றுதான், அதே வாஷிங்டன் நகரத்தில், இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைக்காகவும் விடுதலைக்காகவும் பேரணி நடத்தினார்கள். பேரணியின் தலைவர் அதே ராண்டால்ஃப், தூங்கும் பெட்டிப் பணியாளர் சங்கத்துக்காரர்.

‘பொழுதுபோக்குல ஏன் சார் இதையெல்லாம் கொண்டாறீங்க?’ என்பார்கள். நாம் எதையும் கொண்டுவரவில்லை. கதவை அவர்கள்தான் செய்தார்கள். கதவு எதற்கு என்றுதான் கேட்கிறோம்.

அப்படியானால் பலகையை மாட்டிவிட்டால் தீர்ந்ததா? தீராது. மாட்டுகிற கை எதுவென்று பார்க்க வேண்டும். அந்தப் பழைய பலகைகளை ஆசையாக வாங்கிச் சேகரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ‘யதார்த்த விளைவு’ பற்றி 1968ல் எழுதிய ரொலான் பார்த், கதைக்குத் தேவைப்படாத சின்னச்சின்ன விவரங்கள் ‘நான்தான் நிஜம்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு நிற்பதைக் காட்டினார். இரண்டாம் கதவின் பலகையும் துரு மாதிரி, காக்கை எச்சம் மாதிரி, இன்னொரு ‘நிஜச் சாயல்’ ஆகிவிடலாம். அது ஆகாமலிருக்க வழி மாடல்காரர்களிடமே இருக்கிறது: ஆபரேஷன். ஒவ்வொரு பெட்டியும் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, ஏன் இந்த வரிசையில் நிற்கிறது என்று சீட்டு எழுதி ஓட்டுகிறவர்கள் அவர்கள். அந்தப் பாதிப் பெட்டிக்கும் ஒரு சீட்டு எழுதினால் போதும். எழுதியபின் அந்த இரவின் விளையாட்டு முன்மாதிரி இருக்காது, அவ்வளவுதான்.

6

இனி மேசைக்கு அடியில் பார்ப்போம்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1946ல் தொடங்கிய மாணவர் ரயில் மன்றம் ஒன்று உண்டு. ஸ்டீவன் லெவி 1984ல் எழுதிய ‘ஹேக்கர்ஸ்’ புத்தகம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. மன்றத்தில் இரண்டு வகை ஆட்கள். ஒரு கூட்டம் மேலே: பெட்டிக்குப் பெயிண்ட் அடித்து, மலை செய்து, சரித்திரம் பேசுகிறவர்கள். இன்னொரு கூட்டம் கீழே: சிக்னல், மின்சாரம். டெலிபோன் இணைப்பகத்தின் பழைய ரிலேக்களை வைத்து, பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, மேலே ஓடுவதையெல்லாம் ஆட்டிவைத்தவர்கள். இவர்களில் சிலர்தான் 1950களின் கடைசியில் கழகத்தின் கம்ப்யூட்டர் பக்கம் போனார்கள். ‘ஹேக்’ என்ற சொல்லும் அவர்களோடு போயிற்று. அடித்தளம், மேற்கட்டுமானம் என்று நாம் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டிருக்கிறோமே, இங்கே அது நிஜமாகவே மரச்சட்டத்தில் கட்டிவைத்திருக்கிறது.

மேசைக்கு அடியில் கம்பிகள் இருக்கின்றன. கம்பிகளுக்கும் அடியில் எது இருக்கிறது? இந்த ரயில்களைச் செய்த கைகள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கர்கள் உயர்வாகக் கருதிய பித்தளை என்ஜின் மாடல்கள் ஜப்பானில், சின்னப் பட்டறைகளில் கையால் பற்றவைத்துச் செய்யப்பட்டன. ஜப்பானில் கூலி ஏறியதும் அந்த வேலை தென் கொரியாவுக்குப் போயிற்று. அங்கேயும் ஏறியதும் சீனாவுக்கு. அமெரிக்கக் குழந்தைகளின் கிறிஸ்துமஸ் ரயிலாக 1900லிருந்து பெயரெடுத்த லயனல் கம்பெனி 2000களின் தொடக்கத்தில் தன் அமெரிக்க உற்பத்தியை மூடிவிட்டுச் சீனாவுக்குப் போனது. சங்கமும் சம்பளமும் இருந்த பழைய அமெரிக்காவை நினைத்து ஏங்குகிறவர்களுக்காக ரயில் செய்துகொண்டிருந்த அமெரிக்கத் தொழிலாளிகள் அதோடு வேலை இழந்தார்கள். அந்த ஏக்கத்தைச் செய்து தருகிற வேலை கூலி குறைந்த இன்னொரு நாட்டுக்குப் போய்விட்டது.

ஃபிலடெல்பியாவில் தொடங்கிய பாக்மன், மாடல் ரயில் உலகத்தின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று. 1987லிருந்து அது ஹாங்காங்கின் கேடர் குழுமத்துக்குச் சொந்தம். அந்தக் கேடர், தாய்லாந்து முதலாளிகளோடு கூட்டுச் சேர்ந்து பாங்காக் அருகே ஒரு பொம்மைத் தொழிற்சாலை வைத்திருந்தது. 1993 மே 10ந் தேதி அங்கே தீப்பிடித்தது. 188 பேர் செத்தார்கள். ஏறக்குறைய 500 பேர் காயம்பட்டார்கள். பெரும்பாலோர் இளம்பெண்கள். வெளியேறும் கதவுகள் பூட்டியிருந்தன. மாடிகளிலிருந்து குதித்தார்கள். கட்டிடம் இடிந்து விழுந்தது. அங்கே ரயில் செய்யவில்லை. துணிப் பொம்மைகளும் பிளாஸ்டிக் பொம்மைகளும்தான் செய்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். எனவே ஒரு குறிப்பிட்ட என்ஜினை எடுத்து, இதில் ரத்தம் என்று சொல்வது நாடகமாகிவிடும். நான் சொல்ல வருவது வேறு. ஜான் ஆலனின் நிலவறையில் பிடித்த தீயைப் பற்றி இந்த உலகத்தில் தெரியாதவர் கிடையாது. ஐம்பது வருஷம் கழித்தும் அதைப் பேசிப் பேசி வருந்துகிறார்கள். ஒரு மகா கலைப்படைப்பு போனதே என்ற அந்த வருத்தம் நியாயமானது. பொம்மைத் தொழிலின் இன்னொரு தீ, ஒரே ஒரு கம்பெனிப் பெயர் தூரத்தில் இருக்கிறது. அது இந்தப் பொழுதுபோக்கின் சரித்திரத்துக்குள் வருவதில்லை.

அங்கேயும் ஒரு கதவு. எண்ணப்படாத இன்னொரு கதவு.

7

சிற்றுருவம் பற்றி 1984ல் எழுதிய சூசன் ஸ்டூவர்ட், அது வீட்டுக்குள், உள்ளுக்குள், வரலாற்றுக்கு வெளியே ஒரு காலத்தை உண்டாக்குகிறது என்கிறார். பெருமளவு ஒத்துக்கொள்ளலாம். ஆனால் அதோடு முடித்துக்கொண்டால் நமக்கு வேலை மிச்சம் என்பதைத் தவிர வேறு லாபம் இல்லை. மாடல் ரயில்காரரை ஏக்கக்காரர், தப்பியோடி, குட்டிமுதலாளி என்று திட்டுவதால் அந்த இரண்டாம் கதவு திறந்துவிடாது.

என் தரப்பு நேர் எதிரானது. இவர்களிடம் இருக்கிற ஒழுக்கம் பெரிய விஷயம். ஒரு போட்டோவின் மூலையில் மங்கலாகத் தெரிகிற கைப்பிடிக் கம்பிக்காக ஒரு மாதம் ஆவணம் தேடுகிற பொறுமை, யூகத்தில் செய்யமாட்டேன் என்கிற பிடிவாதம், பொய்யான அளவைப் பொறுக்காமல் 18.83க்காக எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குகிற வைராக்கியம். வரலாறு எழுதுகிறேன் என்று கிளம்புகிற பலரிடம் இதில் பாதி கிடையாது. எனவே ரிவெட் எண்ணுகிறவரிடம் எண்ணாதே என்று சொல்வது நம் வேலையாக இருக்க முடியாது. நிறுத்தின இடத்தில் நிறுத்தாதே என்றுதான் சொல்ல வேண்டும். தொட்டியின் ரிவெட்டை எண்ணினாய் சரி, அதை அடித்தவன் யார்? கதவைச் செய்தாய் சரி, அது யாருக்கு? பெட்டியைச் சரியான இடத்தில் வைத்தாய் சரி, அது ஏன் அந்த இடத்தில் இருந்தது? இவை எதுவும் முன்மாதிரிக்கு வெளியே இருக்கிற கேள்விகள் இல்லை. முன்மாதிரிக்கு உண்மையாக இருப்பேன் என்று அவர் எடுத்துக்கொண்ட சத்தியத்துக்குள்ளேயே இருக்கின்றன.

கதை எழுதுகிற நண்பர்களுக்கும் இதில் ஒரு வார்த்தை உண்டு. ‘நுணுக்கமான சித்தரிப்பு’ என்று ஒரு நாவலைப் பாராட்டி எழுதும்போது நாம் எதைப் பாராட்டுகிறோம்? திண்ணை, தூண், தூணில் எண்ணெய்க்கறை, கறையில் பட்ட வெளிச்சம் வரை எண்ணியிருப்பதையா? அந்த வீட்டுக்கு எத்தனை வாசல், எந்த வாசல் வழியாக யார் வரலாம், பின்வாசலோடு யார் நிறுத்தப்பட்டார்கள் என்று எண்ணியிருக்கிறாரா என்பதையும் சேர்த்தா? எண்ணெய்க்கறையை எண்ணத் தெரிந்தவருக்கு வாசலை எண்ணத் தெரியாமல் போவது திறமைக் குறைவால் இல்லை.

மாடல் ரயில்காரராவது தான் தேர்ந்து சுருக்குவதாக ஒத்துக்கொள்கிறார்.